பத்து ழ, பத்து ஊர்

எங்கள் காலத்தில் ஒருவனுடைய கையெழுத்தைப் பாராட்ட ஒரே வாக்கியம்தான் இருந்தது: "அச்சடிச்ச மாதிரி இருக்கு." இன்று அச்சடித்த ஒன்றைப் பாராட்டவும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது: "கையால எழுதின மாதிரி இருக்கு." முதல் வாக்கியத்தை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. இரண்டாவதை வாடிக்கையாளர் வாயால் கேட்பதற்காக 20 வருஷம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டர் நடத்தினேன்.

என் கையெழுத்தின் புகழ் எட்டாம் வகுப்பில் உச்சத்துக்குப் போனது. தமிழ் வாத்தியாருக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. எங்கே பேர் எழுதினாலும் ஊரை முதலில் எழுதி, பிறகுதான் பேரை எழுதுவார். கரும்பலகையில் அவர் எழுதியதை அழிக்க எங்களுக்கு மனசு வராது. அடுத்த பீரியடு கணக்கு சார்கூட மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்பாதியில்தான் கணக்குப் போடுவார். எழுத எழுதச் சாக்பீஸ் தேய்ந்து கோடு தடிக்க வேண்டுமல்லவா? அவர் அதை விரலுக்குள் உருட்டிக்கொண்டே எழுதுவார். கடைசி வரி வரைக்கும் ஒரே தடிமன். அவருடைய ஒரு ழவைத் தூக்கி இன்னொரு ழவின் மேல் வைத்தால் அப்படியே பொருந்தும்.

என் நோட்டு அவர் மேஜைக்குப் போன அன்று வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னல இது? ஒரு பக்கத்துல பத்து ழ எழுதியிருக்க. பத்தும் பத்து ஊர்ல பொறந்திருக்கு."

நூறு தடவை ழ எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிக்கொண்டு போனேன். நூறும் நூறு ஊரில் பிறந்திருந்தன. தாமிரபரணிக்கு ரெண்டு கரையிலும் சேர்த்து அத்தனை ஊர் தேறுமா என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குத் தனியாக ஒரு அடி விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, 1978ல், அரசாங்கத்தின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதுவரை ணை, லை, ளை, னை நாலுக்கும் தலைப்பக்கம் யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழி தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா மூன்றும் காலை நீட்டாமல் மடக்கிச் சுருண்டு உட்கார்ந்திருக்கும். பெரியார் 1935லிருந்து தன் 'குடி அரசு' பத்திரிகையில் கையாண்ட வடிவத்தை, அவரது நூற்றாண்டு சமயத்தில் எம்.ஜி.ஆர். அரசு அதிகாரபூர்வமாக்கியது. அச்சகங்களுக்கு அதில் லாபம், கோக்க வேண்டிய அச்சு குறைந்தது. நஷ்டப்பட்டது நான். என் கை பாதி வழியில் இறங்கிக்கொண்டது. னாவுக்குப் புதுசு, லைக்குப் பழசு என்று அது தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டு இன்றுவரை அதன்படிதான் நடக்கிறது. என் கடிதத்தில் ஒரே வரியில் இரண்டு ஆட்சி நடக்கும்.

எனக்கு விமோசனம் தட்டச்சுப் பொறியில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முடித்தேன். ஆனா ஆவன்னா தெரியாதவன் விரலும் சரி, புலவர் விரலும் சரி, விசையில் பட்டால் ஒரே ழதான் விழும். அதைப்போன்ற சமதர்மத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அச்சு அப்போது கம்பீரமாக இருந்தது. நிமிர்ந்து நிற்கும், உடுப்புப் போட்ட போலீஸ்காரர்போல. கையால் எழுதினாற்போல எதையாவது அச்சில் கொண்டுவர வேண்டும் என்றால் அது பணக்காரச் சமாச்சாரம். ஓவியரிடம் எழுதி வாங்கி, துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து, மரக்கட்டையில் அடித்து, ஈய அச்சுகளோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்பெல்லாம் அப்படி வந்தவைதான். கதைக்குப் படம் போட்டவரே தலைப்பையும் எழுதியிருப்பார். பேய்க்கதை என்றால் எழுத்து சொட்டும், காதல் கதை என்றால் வளையும். எங்கள் தெருவில் கடைப்பலகை எழுதிய ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கூழாங்கல் வழுக்குகிற மாதிரி பிரஷ்ஷை இழுப்பார். சைக்கிள் கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் அவர் எழுதிய க ஒன்றாக இருக்காது. ஆனால் இரண்டும் அவர் எழுதியது என்று சந்திப்பிள்ளையார் முக்கிலிருந்தே சொல்லிவிடலாம். பிற்பாடு ஃபிளெக்ஸ் வந்தது. அவர் மகன் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் போட்டான். அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

1996ல் கடை திறந்தேன். ஒரு கணிப்பொறி, ஒரு லேசர் பிரிண்டர், பேஜ்மேக்கர், தமிழ் எழுத்துரு அடங்கிய ஃபிளாப்பிகள். கணிப்பொறியின் முதுகில் ஒரு சின்னப் பூட்டைச் செருகினால்தான் தமிழ் வரும். அந்தப் பூட்டை ராத்திரி கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய், சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிய நாட்கள் உண்டு. கணிப்பொறியைத் திருடினால் இன்னொன்று வாங்கலாம், தமிழைத் திருடிவிட்டால் என்ன செய்வது?

அந்த எழுத்துருக் குவியலில் இரண்டு மூன்று, கையால் எழுதினாற்போலச் சாய்ந்தும் வளைந்தும் இருந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு அவற்றைத்தான் எல்லோரும் கேட்டார்கள். பிளாக் எடுக்கிற செலவில்லாமல் எல்லோர் வீட்டுக்கும் ஓவியர் வந்துவிட்டார். பூச்சூட்டு விழா, புதுமனை புகுவிழா, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. ஆங்கிலத்துக்கு பிரஷ் ஸ்கிரிப்ட். மண்டப மேடைக்குப் பின்னால் தெர்மோகோலில் வெட்டி ஒட்டும் 'வெட்ஸ்' என்ற சொல்லுக்காகவே அது பிறந்தது என்று நான் நினைத்திருந்தேன். கொஞ்சம் நாகரிகமான வீடு என்றால் மிஸ்ட்ரல். அதை 1953ல் ரோஜே எக்ஸ்கோஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர் மார்செய் நகரத்து அச்சு வார்ப்பகம் ஒன்றுக்காகத் தன் சொந்தக் கையெழுத்திலிருந்தே உருவாக்கினார். தனித்தனி ஈயத்துண்டுகளை வரிசையாக அடுக்கினால், ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையைப் போய்த் தொட்டு ஒரே வீச்சில் எழுதினாற்போலத் தெரியும். இவ்வளவு பாடுபட்ட மனிதருக்குத் தன் கையெழுத்தில் பாளையங்கோட்டைக் கல்யாணங்கள் நடந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு காமிக் சான்ஸ் வந்தது. 1998ல் வாங்கிய புதுக் கணிப்பொறியில், கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. மற்ற எழுத்துருக்கள் எல்லாம் கோட்டு சூட்டு போட்டிருக்க, இது மட்டும் பனியனோடு திண்ணையில் காலாட்டிக்கொண்டிருந்தது. கோடு எங்கும் ஒரே தடிமன், முனைகள் எல்லாம் உருண்டை. ஸ்கெட்ச் பேனாவைக் கையில் பிடித்த, நல்ல பிள்ளையாக இருக்க முயற்சி செய்யும் ஒரு பையன் எழுதியதுபோல இருக்கும். நேராக நிற்க வேண்டிய கோடுகள் கொஞ்சம் தள்ளாடும். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்ததுபோல இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அதைப் போட்டேன். டியூஷன் நோட்டீஸ், நர்சரி பள்ளி அட்மிஷன், ஐஸ்கிரீம் பார்லர் விலைப்பட்டியல், ஸ்கேன் சென்டர் கவர். மகாராஜநகரில் ஒரு வக்கீல் வீட்டு கேட்டுக்கு 'பிவேர் ஆஃப் டாக்ஸ்' பலகை. வக்கீலுக்குத் திருப்தியில்லை. "நாய் கடிக்கும்னு போட்டா, வந்து வெளையாடுங்கன்னு கூப்பிடுத மாதிரில்லா இருக்கு" என்றார். இதுதான் இப்போ ஃபேஷன் சார் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்து நடந்ததைச் சொல்ல இன்றும் கூச்சம். பம்பாயிலிருந்து வந்த ஒருவர், தகப்பனார் காரியத்துக்குப் பதினாறாம் நாள் அட்டை அடிக்க வேண்டும் என்று கேட்டார். அங்கே உள்ள சிநேகிதர்களுக்காக ஆங்கிலத்தில். படம், பிறப்பு, இறப்பு, கீழே நாலு வரி. வீட்டுக்காரர் மனசிலிருந்து எழுதினாற்போல இருக்கட்டும் என்று, நானாகவே யோசித்து, காமிக் சான்ஸ் போட்டேன். புரூஃபை வாங்கி அவர் நின்றபடியே பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அண்ணாச்சி, எங்க அப்பாவுக்குப் பலூன் கட்டின மாதிரி இருக்கு" என்றார்.

டைம்ஸ் நியூ ரோமனில் மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அந்த எழுத்துருவின் பூர்வீகம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1994. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கணிப்பொறியைக் கண்டு மிரளுகிறவர்களுக்காக 'பாப்' என்று ஒரு மென்பொருள் தயாரித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வீடு தெரியும். வீட்டுக்குள் ரோவர் என்று ஒரு நாய். என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த நாய், படக்கதையில் வருவதுபோல வாயிலிருந்து கிளம்பும் பலூனில் சொல்லும். பலூனுக்குள் இருந்தது டைம்ஸ் நியூ ரோமன், லண்டன் டைம்ஸ் செய்தித்தாளுக்காக 1930களின் தொடக்கத்தில் பிறந்த எழுத்து. அங்கே எழுத்துரு வேலை பார்த்த வின்சென்ட் கொனாருக்கு இது பொறுக்கவில்லை. தலையங்கம் எழுதுகிற எழுத்தில் நாய் பேசுமா? அலுவலகத்தில் இருந்த 'வாட்ச்மென்', 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' படக்கதைப் புத்தகங்களைப் புரட்டி, அவற்றில் வசனம் எழுதியவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு, கணிப்பொறித் திரையிலேயே மவுஸால் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். கையெழுத்துபோல இருக்கிற இந்த எழுத்தைப் பேனா ஒருபோதும் தொட்டதில்லை.

இத்தனை செய்தும் நாய்க்கு அது கிடைக்கவில்லை. பலூன்கள் எல்லாம் டைம்ஸ் அளவுக்கு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன. புது எழுத்து அகலம் கூட, உள்ளே அடங்கவில்லை. பாப் 1995ல் வந்து, அடுத்த வருஷமே கடையைக் கட்டியது. எழுத்துரு மட்டும் தப்பித்தது. முதலில் குழந்தைகளுக்கான ஒரு படத்தயாரிப்பு மென்பொருளில் ஏறி, அங்கிருந்து விண்டோஸ் 95ன் கூடுதல் பொதிக்குத் தாவி, பிறகு விண்டோஸோடு சேர்ந்து உலகத்தில் எங்கெல்லாம் கணிப்பொறி போனதோ அங்கெல்லாம் போயிற்று. நாய்க்காகச் செய்து நாய்க்குக் கிடைக்காமல் போன எழுத்தில் நாய் ஜாக்கிரதைப் பலகை செய்து கொடுத்தவன் நான். வக்கீல் சொன்னது சரி. அது விளையாடத்தான் கூப்பிட்டிருக்கிறது.

இதையெல்லாம் படித்த வேகத்தில் கட்சி மாறினேன். அமெரிக்காவில் இந்தியானாபொலிஸ் நகரத்துத் தம்பதியர், குழந்தைகள் அருங்காட்சியகத்து வேலை ஒன்றில் தங்கள்மேல் காமிக் சான்ஸ் திணிக்கப்பட்ட எரிச்சலில், அதைத் தடைசெய்யச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தினார்கள். நானும் அதன் திருநெல்வேலிக் கிளைபோல ஆகிவிட்டேன். நேற்று வரை நானே போட்டுக்கொடுத்த எழுத்தை, கேட்டு வருகிறவர்களிடம் "அது தரம் கிடையாது" என்று சொல்லித் திருப்பினேன். பள்ளித் தாளாளர் ஒருவருக்கு எழுத்துக்கலை பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய் காமிக் சான்ஸில் அடித்துக்கொண்டார். கொனாரே கடைசியில் சொன்னது, தன் எழுத்தைத் தானே பயன்படுத்தியது ஒரே ஒரு தடவைதானாம், இணைய இணைப்புக் கோளாறு பற்றிப் புகார்க் கடிதம் எழுத.

2012 ஜூலை 4. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஹிக்ஸ் போசான் போன்ற ஒரு துகளைக் கண்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். அரை நூற்றாண்டாகத் தேடிய பொருள். அட்லஸ் குழுவின் சார்பில் ஃபேபியோலா ஜியனோட்டி பேசினார். பின்னால் திரையில் வரைபடங்கள், சமன்பாடுகள், பிழை வரம்புகள் எல்லாம் காமிக் சான்ஸில். உலகத்தில் பாதிப்பேர் துகளை விட்டுவிட்டு எழுத்துருவைப் பேசினார்கள். நானும் கடையில் பேசினேன். பிரபஞ்சத்துக்கே எடை எப்படி வந்தது என்று சொல்ல வந்த அம்மாள் பனியனோடு வந்துவிட்டாரே என்று. அவர் பின்னாளில் செர்ன் நிறுவனத்துக்கே தலைமை இயக்குநர் ஆனார். நான் 2016ல் கடையை மூடினேன்.

மூடியதற்கு எழுத்துரு காரணமில்லை. செல்போனிலேயே எல்லோரும் பத்திரிகை செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்கள், அவ்வளவுதான். என்னிடம் மிஞ்சியது மூட்டை மூட்டையாக ஃபிளாப்பி, சிடி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு ரகசியச் சங்கேதம். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலச் சிதறல்தான் தெரியும். யூனிகோடு வந்த பிறகு அத்தனையும் அப்படித்தான் ஆயிற்று. நான் 20 வருஷம் அச்சடிச்ச மாதிரி செய்த வேலையெல்லாம் இன்று கோழி கிறுக்கியதுபோலத் திறக்கிறது. வாத்தியார் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

காமிக் சான்ஸோடு எனக்கு ராஜியானது பேரனால். யுகேஜி. மிஸ் அனுப்பும் ஒர்க்‌ஷீட் எல்லாம் அதில்தான். முதல்நாள் முகத்தைச் சுளித்தேன். பிறகு ஒருநாள் அவனுக்கு நானே கணிப்பொறியில் பயிற்சித்தாள் அடித்துக் கொடுத்தேன், என் தரத்துக்கு, டைம்ஸில். ஆங்கிலச் சின்ன 'ஏ'யைப் பார்த்து, "தாத்தா, இது என்ன லெட்டர்? தலைல கொக்கி போட்டிருக்கு?" என்று கேட்டான். உண்மைதான். புத்தக எழுத்தில் சின்ன 'ஏ' மேலே ஒரு கூரை வைத்துக்கொண்டிருக்கும். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை. ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். காமிக் சான்ஸில் அது அப்படித்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் பரிந்துரைக்கும் எழுத்துருக்களிலும் அதற்கு இடம் உண்டு. தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, பனியன்காரனையே கூப்பிட்டு அடித்துக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில்தான் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெங்களூரில் செயலிகளுக்கு முகம் வரைகிற வேலை அவளுக்கு. பத்திரிகை மாதிரிகளை அவளுக்குக் காட்டினேன். கையெழுத்து மாதிரி வேண்டும் என்றால் இப்போது தமிழில் எத்தனையோ வந்துவிட்டன. இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் செய்த, சாய்ந்த கையெழுத்து கூகுளில் சும்மாவே கிடைக்கிறது. கொழுகொழு என்று 'பலூ தம்பி' இருக்கிறது. பூட்டும் கிடையாது, சாமி படத்துக்கு அடியில் வைக்கவும் வேண்டாம். அவள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

"மாமா, இதெல்லாம் ஃபாண்டு மாதிரி இருக்கு. நெஜமான கையெழுத்து வேணும். ஒங்க கையெழுத்துல செய்யப் போறேன்."

"என் கையெழுத்தா? அதுல போட்டா மண்டபத்துக்கே வழி தெரியாதே?"

"அதான் மாமா கேரக்டரு."

எட்டாம் வகுப்பில் அதற்கு வேறு பேர் இருந்தது.

கட்டம் கட்டமாக அச்செடுத்த தாள்களைக் கொடுத்தாள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு ஒரு தாளிலேயே வேலை முடிந்துவிடும். தமிழில் கு, கூ, சு, சூ என்று உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு விதமாக வாலைச் சுருட்டும். அதுவே 36. உயிர், மெய், கொம்பு, கால், டி, டீ, கிரந்தம் என்று நூற்றுக்கு மேல் போயிற்று. ஒருநாள் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இம்போசிஷன் எழுதிய அதே திண்ணை. கட்டம் போட்டவுடன் என் கை பயந்துவிட்டது. எழுத்தெல்லாம் கைகட்டி நின்றன. "இது மாமா எழுத்து இல்ல, நல்லாருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் எழுதினேன், இந்தத் தடவை டி.வி. பார்த்துக்கொண்டே, கவனமாக அசிரத்தையாக.

லை கட்டத்தில் கை பழக்கத்தில் தும்பிக்கையைத் தூக்கிவிட்டது. "இது என்ன எழுத்து மாமா?" என்றாள். 1978ஐச் சொன்னேன். அவள் பிறந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. கண் விரிந்து, "செம்ம வின்டேஜ்" என்று சொல்லி, ல-வும் ஐகாரக் கொம்பும் சேர்ந்து வந்தால் தும்பிக்கை வரும்படி எழுத்துருவுக்குள் ஒரு விதி எழுதிவிட்டாள். ஒரு முதலமைச்சர் ஆணையிட்டு இறக்கிய தும்பிக்கையை என் தங்கச்சி மகள் லேப்டாப்பில் தூக்கிவிட்டாள்.

இன்னொரு சங்கதியும் செய்தாள். கையெழுத்து எழுத்துருவில் திருட்டு பிடிபடுகிற இடம் எது தெரியுமா? கோணலே கோணாமல் திரும்பத் திரும்ப வருவது. ஒரு க சாய்ந்திருந்தால் அழகு. பக்கத்தில் உள்ள எல்லா கவும் அதே பாகையில் சாய்ந்திருந்தால், நாடகத்தில் ஒத்திகை பார்த்து இருமுகிறவன்போல இருக்கும். அதனால் அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு மும்மூன்று வடிவம் எழுதி வாங்கினாள். க மூன்று, த மூன்று, ம, ன, ர மும்மூன்று. தட்டத் தட்ட அவை முறைவைத்து மாறி மாறி வரும். என்னுடைய பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் மொத்தம் 256 இடம்தான், தமிழை அடக்கவே மூச்சு முட்டும், இரண்டாவது கவுக்கு எங்கே போக? இது புது வித்தை என்று வியந்தேன். வித்தை பழசுதான். குட்டன்பர்க் 1455 வாக்கில் தன் லத்தீன் பைபிளை அச்சிடச் சுமார் 290 வடிவ அச்சுகள் வார்த்தார். அகலத்தில் கூடுதல் குறைவு, கூட்டெழுத்து, சுருக்கக்குறி என்று ஒரே எழுத்துக்குப் பல வேஷம். கையால் எழுதிய ஏடு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அச்சின் முதல் ஆசையே. எங்கள் வாத்தியார் காலத்தில்தான் ஆசை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது போலும்.

"ழவுக்கு?" என்று கேட்டேன்.

"அது அபூர்வமாத்தான் வரும் மாமா. ஒண்ணு போதும்."

பத்திரிகை வந்தது. பழுப்புத் தாள், கறுப்பு மை. 'அன்புடையீர்' என்று என் கை சொன்னது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள், கையால எழுதின மாதிரியே இருக்கு என்று. எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினாய் என்று என் மச்சினன் கேட்டான், 600 பத்திரிகையாமே. கை வலிக்குமே என்று அவன் மனைவி வருத்தப்பட்டாள். மறுக்காமல் மணிக்கட்டைத் தடவிவிட்டுக்கொண்டேன்.

வாத்தியாருக்கு நேரில் வைக்கப் போனேன். அவர் வீட்டில் இல்லை, கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எண்பது தாண்டிய மனிதர், வரமாட்டார் என்று நினைத்தேன்.

பாளையங்கோட்டை மண்டபத்துக்குப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் பத்திரிகை. முன்வரிசையில் உட்கார வைத்து, தாய்மாமன் வேலைகளுக்கு நடுவில் ஓடிப்போய் நின்றேன். பத்திரிகையை எடுத்து மடியில் விரித்தார்.

"இத யாருல எழுதுனா?"

"நான்தான் சார்."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரல் வரி வரியாக நகர்ந்தது. 'கிழமை'யில் நின்றது. 'வாழ்த்தி'யில் நின்றது. 'அழைக்கிறோம்' வரைக்கும் போய்விட்டு, மறுபடியும் 'கிழமை'க்கே வந்தது. கல்யாணப் பத்திரிகையைப்போல ழ கொட்டிக் கிடக்கிற தாள் தமிழில் வேறில்லை என்பது எனக்கும் அவளுக்கும் ஏன் தோன்றாமல் போயிற்று?

"பொய் சொல்லாத. எல்லா ழவும் ஒரே ஊர்ல பொறந்திருக்கு."

கட்டம் போட்ட தாளைப் பற்றியும் பெங்களூரைப் பற்றியும் சொன்னேன். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மொய்க் கவரும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டிய விரல்கள் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"கை ஒதறுது. நீயே எழுது. ஊர முதல்ல போடு."

முழங்காலில் கவரை வைத்து எழுதினேன். ஆழ்வார்திருநகரி, அதற்குக் கீழே அவர் பேர். வாங்கி, கவரையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ம். இது ஒன் ழ" என்று சொல்லிவிட்டுப் பேரன் தோளைப் பிடித்து எழுந்து, மொய் எழுதுகிற மேஜையைப் பார்த்து நடந்தார்.